சங்கு எனக்கு நன்றாகவே கேட்கும்

'செவிடன் காதில் ஊதின சங்கு' என்று ஒரு பழமொழி இருக்கிறதல்லவா? அதை உண்டாக்கியவருக்குக் காது நன்றாகக் கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கை உதாரணத்துக்கு எடுத்திருக்க மாட்டார். சங்கு எனக்கு நன்றாகவே கேட்கும். மார்கழி மாதம் எங்கள் தெருவில் (கே.கே. நகர், வண்டியூர் கண்மாய்க்குப் பக்கம்) விடியக்காலையில் யாராவது சங்கு ஊதிக்கொண்டு போனால், காதில் மிஷின் இல்லாமலேயே எனக்கு முழிப்பு வந்துவிடும். கேட்காதது எது தெரியுமா? பின் பெஞ்சிலிருந்து நீங்கள் கிசுகிசுக்கிற "ஏய்... சார் பாக்குறாரு".

ஆமாம், மிஷின். மூன்று வருடமாக என்னோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பலருக்கு இந்த வார்த்தை புதிதாக இருக்கும். இரண்டு காதுக்குப் பின்னாலும் ஆளுக்கொன்று இருக்கிறது. நான் ஏன் எப்போதும் காதை மூடித் தலைவாருகிறேன், ஏன் மதுரை வெயிலிலும் முடியைத் தூக்கிக் கட்டுவதில்லை என்று கேட்டவர்களுக்கு 'ஸ்டைல்' என்று சொல்லி வைத்திருந்தேன். மன்னிக்கவும், அது ஸ்டைல் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடத்தில் எனக்கு 'திமிரு' என்று பட்டப்பெயர் இருந்தது எனக்குத் தெரியும். கூப்பிட்டால் திரும்பமாட்டாள், வணக்கம் சொன்னால் பதில் சொல்லமாட்டாள், ஜோக் சொன்னால் எல்லாரும் சிரித்து முடித்தபிறகு தனியாகச் சிரிப்பாள். (அந்த ஜோக் எனக்குப் புரிந்ததே இல்லை. நீங்கள் சிரித்ததைப் பார்த்துச் சிரித்தேன்.) திமிர் பிடித்தவள் என்ற பெயரும், காது கேட்காதவள் என்ற பெயரும் எதிரெதிரே இருந்தபோது நான் முதலாவதையே எடுத்துக்கொண்டேன். அது கொஞ்சம் கெத்தாகவும் இருந்தது :-)

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன வருடம் ஒரு ஓவியப் போட்டியில் எனக்குப் பரிசு கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு "என்ன படம்டீ அது, சுவத்துல பட்டி பார்த்த மாதிரி இருக்கு?" என்று நம்மில் நாலைந்து பேராவது கேட்டீர்கள். அதற்கு நான் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. பதில் நீளம். அதோடு, மிஷின் பற்றிச் சொல்லாமல் அந்தப் பதிலைத் தொடங்கவே முடியாது.

ஆறாம் வகுப்பு படிக்கும்போதுதான் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, குக்கர். "மூணு விசில் வந்ததும் அடுப்பை அமத்து" என்று அம்மா சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனார். நான் ஹாலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். எத்தனை விசில் வந்ததோ, பருப்பு கருகி, நாற்றம் மாடிக்கே போய் அம்மா ஓடிவந்தார். நான் அப்போதும் வரைந்துகொண்டுதான் இருந்தேன். அடி விழவில்லை. அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்று என்னமோ சொல்லிப் பார்த்திருக்கிறார். நான் திரும்பவில்லை.

ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முடிவில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதற்கு ஆடியோகிராம் என்று பெயர். இடமிருந்து வலமாக ஹெர்ட்ஸ், அதாவது ஒலி எவ்வளவு கீச்சு என்பது. கனத்த ஒலிகள் இடப்பக்கம், விசில் போன்றவை வலப்பக்கம். மேலிருந்து கீழாக டெசிபல். கீழே போகப் போக, அந்த ஒலி உங்களுக்குக் கேட்க அவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. என் கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி, கொஞ்ச தூரம் சமமாகப் போய், அப்புறம் சரசரவென்று இறங்கியிருந்தது. 500 ஹெர்ட்ஸில் 35, 1000-ல் 50, 2000-ல் 65, 4000-ல் 80 டெசிபல். காரணம் என்னவென்று யாரும் சொல்லவில்லை. உள்காதில் சுமார் 15,000 நுண்மயிர் செல்கள் இருக்கின்றன. அவை செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்குமாம். கோழி கொடுத்துவைத்தது.

அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டை மாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழவெல்லாம் இல்லை. எதிரே யானைமலை. எங்கள் மாடியிலிருந்து வடகிழக்கே பார்த்தால் யானை படுத்திருக்கிற மாதிரியே தெரியும்: மேடான தலை, அப்புறம் முதுகு, அப்புறம் சரிவு. தாளைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். என் காதின் கோடும் யானையின் முதுகும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று இப்போதும் விளக்கத் தெரியவில்லை. ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அந்தத் தாளிலேயே, கோட்டுக்கு மேலே உள்ள இடம் முழுவதையும் கறுப்பாக அடித்தேன். கோட்டுக்குக் கீழே வெள்ளையாகவே விட்டேன். மேலே இருக்கிற கறுப்பு முழுவதும் எனக்குக் கேட்காத உலகம்; கீழே இருக்கிற வெள்ளை, கேட்கிற உலகம். மருத்துவத் தாளைப் பாழ்பண்ணியதற்கு அப்பாவிடம் திட்டு வாங்கினேன். வேறு பிரதி எடுக்க மறுபடி போக வேண்டியிருந்தது.

அதுதான் நான் வரைந்த முதல் அரூப ஓவியம். அரூபம் என்ற சொல்லெல்லாம் அப்போது தெரியாது. மலையும் இல்லை, காதும் இல்லை, ஆனால் இரண்டும்தான் என்று மட்டும் தெரிந்தது.

இந்த 'டெசிபல்' கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி, பேச்சு ஒலிகளுக்கான அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். மேலே சொன்ன நான்கு எண்களையும் கூட்டி நான்கால் வகுத்துப் பாருங்கள், 57.5 வரும். இடது காது இன்னும் கொஞ்சம் தேவலை, 55. ஆக, சட்டத்துக்கு நான் கேட்பவள். வகுப்பறைக்குக் கேட்காதவள். இரண்டரை டெசிபலில் நான் ஒரு பட்டியலுக்கும் சேராமல் நிற்கிறேன். இதில் சட்டத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகவேண்டும். ஆனால் கோட்டுக்கு இந்தப்பக்கம் நிற்பவர்களுக்குச் சலுகையும் கிடையாது, சைகை மொழியும் கிடையாது, கூட்டமும் கிடையாது. கேட்கிற மாதிரி நடிப்பது ஒன்றுதான் இருக்கிறது. அதில் நான் கெட்டிக்காரி.

நடிப்பு மாட்டிக்கொள்ளும் இடம் வைவா. ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தாளைப் பார்த்துக் குனிந்தபடியே கேட்டார், உதடு தெரியவில்லை. எனக்கு "லைட் எதுக்கும்மா?" என்று கேட்டது. நான் உற்சாகமாக, சோடியம் ஆவி விளக்கு சார், ஒற்றை நிற ஒளி வேண்டும் சார், அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம் சார் என்று கடகடவென்று ஒப்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி கேட்டார். மறுபடி விளக்கைப் பற்றியே இன்னும் விரிவாகச் சொன்னேன். அவர் கேட்டது 'ஸ்லிட் எதுக்கு?'. வெளியே வந்தபிறகு பக்கத்து மேசைத் தோழி சொல்லித்தான் தெரியும். அவர்மேல் தப்பில்லை. நான் "காது கேட்காது சார், திரும்பச் சொல்லுங்க" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மார்க் போனது.

இப்போது படத்துக்கு வருகிறேன். அதற்கு ஒரு தமிழ் இலக்கண வகுப்பு வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயிரெழுத்துகள் பெரும்பாலும் கனத்த ஒலிகள், ஆற்றல் அதிகம். அ, ஆ, உ, ஊ, ஓ எல்லாம் என் கோட்டின் இடப்பக்கத்தில் பத்திரமாக வந்துவிடும். மெல்லினம், ங ஞ ண ந ம ன, மூக்கால் வருகிறவை, அவையும் ஒரு முனகலாக வந்து சேரும். இடையினம் பாதிக்குப் பாதி. போவது வல்லினம். ச, த, ப போன்றவை சொல்லின் முதலில் வரும்போது ஒரு சின்னக் காற்றுவெடிப்புதான், கண்ணிமைக்கும் நேரம்கூட இருக்காது. ஆற்றல் கம்மி, அதிலும் முக்கால்வாசி வலப்பக்கத்து உயர் அலைவரிசையில். யானையின் முதுகு அங்கேதான் சரிந்துகிடக்கிறதே. ஆக "சட்டம்", "பட்டம்", "கட்டம்" மூன்றும் எனக்கு "-அ-அம்" தான். பெயர் வைத்தவர்கள் எவ்வளவு சரியாக வைத்திருக்கிறார்கள் பாருங்கள்: உயிர் எனக்கு வருகிறது, மெய் வருவதில்லை. வலுவானது என்று பெயர் வாங்கிய இனம்தான் முதலில் காணாமல் போகிறது.

மீதியை உதட்டைப் பார்த்து நிரப்புவேன். அதிலும் ஓட்டை உண்டு. தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஒரு பகுதி, எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்லும். ப-வும் ம-வும் இரண்டு உதடும் சேர்ந்து பிறப்பவை. அதாவது பார்வைக்கு இரண்டும் ஒன்று. 'பாலை' என்றாலும் 'மாலை' என்றாலும் உதடு ஒரே வேலையைத்தான் செய்யும். க தொண்டைக்குப் பக்கத்தில் பிறப்பது, அது வெளியே தெரியவே தெரியாது. 2021 ஜனவரியில் பத்தாம் வகுப்புக்குப் பள்ளியைத் திறந்தபோது எல்லார் முகத்திலும் மாஸ்க். உதடும் போச்சு. அந்த நாட்களில் எனக்கு ஊரே உயிரெழுத்தாக இருந்தது. ஆ... ஊ... ஏ... கண்கள் மட்டும் அசையும்.

அந்த மாதங்களில்தான் நிறைய வரைந்தேன். போட்டிக்குப் போன படத்தின் விதை அங்கே இருந்து வந்தது. விதி சுலபம்: உயிருக்கு வண்ணம், வல்லினத்துக்கு அழிப்பு. ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வேன். மாட்டுத்தாவணியில் நடத்துநர் கூவுவாரே, "மேலூர் மேலூர் மேலூர், கொட்டாம்பட்டி, திருப்பத்தூர், ஏறு ஏறு" என்று. அதில் ஏ, ஊ, ஆ எங்கெங்கே நீள்கின்றனவோ அங்கெல்லாம் பட்டையாக வண்ணம். ஏ-வுக்கு மஞ்சள், ஊ-வுக்குக் கருநீலம், ஆ-வுக்குச் செங்கல் நிறம். ஏன் இந்த நிறம் என்று கேட்காதீர்கள், அப்படித்தான் தோன்றியது. ம, ன வருகிற இடத்தில் துணியால் ஒற்றி எடுத்த மங்கல். ட், த், ப் வருகிற இடத்தில் வண்ணம் காய்ந்தபிறகு உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, அடியிலிருக்கும் வெள்ளை தெரியும்வரை எடுத்துவிடுவேன். 'கொட்டாம்பட்டி' என்ற ஊர் என் படத்தில் ஏறக்குறைய முழுக்கத் தேய்ந்த இடம். பாவம், நல்ல ஊர்.

கேன்வாஸ் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. பழைய பிளைவுட் பலகையில் பெயின்டர் அண்ணன் ஒருவர் மிச்சம் கொடுத்த பட்டியைப் பூசி, காயவைத்துத் தேய்த்து, அதன்மேல் வீட்டுக்கு அடித்து மீந்த எனாமலும் போஸ்டர் கலரும். ஆகவே "பட்டி பார்த்த மாதிரி இருக்கு" என்று சொன்னவர் கண் சரியான கண். அது பட்டியேதான்.

இப்படி வரைவது கிறுக்குத்தனமோ என்ற சந்தேகம் எனக்கே ரொம்ப நாள் இருந்தது. சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் சித்தப்பா சோழமண்டலம் கூட்டிக்கொண்டு போனார். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கடற்கரையோரம் இடம் வாங்கி உண்டாக்கிய ஓவியர் கிராமம். அங்கே இருக்கும் அருங்காட்சியகத்தில் பணிக்கரைப் பற்றித் தெரிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களைத் தேடிப் பார்த்தேன். 1963 வாக்கில் தொடங்கியது. படம் நிறைய எழுத்து மாதிரி எதுவோ, கணக்குச் சூத்திரம் மாதிரி எதுவோ, ஜாதகக் கட்டம் மாதிரி எதுவோ. வாசிக்கலாம் என்று கிட்டப் போனால் ஒன்றும் வாசிக்க முடியாது. மலையாளம் மாதிரி இருக்கும், மலையாளம் இல்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் கேன்டீனில் நீங்கள் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசும்போது எனக்குக் கேட்பது இதுதான். தமிழ் மாதிரியே இருக்கும். ஏற்ற இறக்கம் தமிழ், நீட்டல் குறுக்கல் தமிழ், முடிவில் ஒரு 'டா', ஒரு 'ல்ல' எல்லாம் இருக்கும். கிட்டப் போனால் தமிழ் இல்லை. பணிக்கருக்குக் காது நன்றாகக் கேட்டது. அவர் வேறு ஏதோ காரணத்துக்காக வரைந்தார். இருந்தாலும் அந்தப் படங்கள் என்னுடையவை என்று அப்போது முடிவுசெய்துவிட்டேன்.

காது கேளாத ஓவியர் என்று தேடினால் இந்தியாவில் முதலில் வருபவர் சதீஷ் குஜ்ரால். 1925-ல், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் ஜீலத்தில் பிறந்தவர். பிரதமராக இருந்த ஐ.கே. குஜ்ராலின் தம்பி. எட்டு வயதில் காஷ்மீரில் ஆற்றில் தவறி விழுந்து, அதைத் தொடர்ந்து காது போனது. லாகூரிலும் பிறகு பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியிலும் படித்தார். பிரிவினையின் துயரத்தை வரைந்தார். 1952-ல் உதவித்தொகை பெற்று மெக்சிகோ போய் தியேகோ ரிவேரா, சிக்கெய்ரோஸ் ஆகியோரிடம் சுவரோவியம் கற்றார். படிப்போ பட்டமோ இல்லாமல் கட்டடக் கலைஞராகவும் ஆகி, டெல்லியில் பெல்ஜியம் தூதரகத்தை வடிவமைத்தார். 1999-ல் பத்ம விபூஷண். 2020 மார்ச் 26-ல் இறந்தார்.

இதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்தில் கிடைக்கும். என்னைப் பிடித்து நிறுத்தியது டெல்லி உயர் நீதிமன்றத்தின் வெளிச்சுவரில் அவர் செய்த பெரிய சுவரோவியம். அது எழுத்துகளின் ஓவியம். எட்டு வயதுக்குப் பிறகு பேச்சொலி போய்விட்ட ஒரு மனிதர் எழுத்தை எடுத்து ஒரு சுவர் அளவுக்கு ஆக்கி வைத்திருக்கிறார். எழுத்து அவருக்குச் சத்தத்தின் அடையாளம் இல்லை, தனியான ஒரு பொருள், கல் மாதிரி, ஓடு மாதிரி என்று நினைக்கிறேன். (இது என் ஊகம். நேரில் பார்க்கவில்லை, போட்டோதான். டெல்லிக்கு யாராவது போனால் என்னையும் கூட்டிப்போங்கள்.)

அறுபது வருடங்களுக்கும் மேல் நிசப்தத்தில் இருந்துவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் அவர் காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்திக்கொண்டார். அந்த வயதில் திடீரென்று சத்தம் வந்தால் எப்படி இருந்திருக்கும்? எனக்கு ஒரு துளி தெரியும். முதன்முதலில் மிஷின் போட்ட அன்று ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது அழுகை வந்தது, சந்தோஷத்தில் இல்லை. செருப்பு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. அப்பா செய்தித்தாளை மடித்தால் சுவர் இடிகிற மாதிரி இருந்தது. எவர்சில்வர் தட்டை எனக்கு இன்றுவரை பிடிக்காது. மிஷினுக்கு எது பேச்சு, எது தட்டு என்ற பேதம் குறைவு. எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்கும்.

கோயா என்ற ஸ்பெயின் ஓவியர் 1792-ல் ஏதோ கடும் நோயில் விழுந்து, எழுந்தபோது காது முழுக்கப் போயிருந்தது. வயது 46. பிற்காலத்தில் மாட்ரிட்டுக்கு வெளியே ஒரு வீடு வாங்கினார். அந்த வீட்டுக்கு ஏற்கெனவே 'செவிடன் வீடு' என்று பெயர், முன்பு இருந்த சொந்தக்காரர் ஒருவரை வைத்து வந்த பெயர். (கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள்.) 1819 முதல் 1823 வரை அந்த வீட்டுச் சுவர்களிலேயே 14 படங்கள் வரைந்தார். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் விற்கவில்லை. அதில் ஒன்று நாய். படத்தின் பெரும்பகுதி வெறும் மங்கிய மஞ்சள், ஒன்றுமே இல்லை. கீழே ஓரத்தில் ஒரு நாயின் தலை மட்டும் எட்டி மேலே பார்க்கிறது. எதைப் பார்க்கிறது என்று தெரியாது. நாயை விரலால் மறைத்துவிட்டால் அது 1950-ல் யாரோ வரைந்த அரூப ஓவியம். காது இருக்கும் யாராவது அவ்வளவு வெற்றிடத்தைச் சும்மா விட்டிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். அந்த இடத்தை எனக்குத் தெரியும். யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்து, திரும்பி, எந்தத் திசை என்று தெரியாமல் நிற்பேனே, அந்த இடம்.

காண்டின்ஸ்கி இதற்கு நேர் எதிர். 1911 ஜனவரியில் ம்யூனிக்கில் ஷோன்பர்க்கின் கச்சேரி கேட்டுவிட்டு வந்து, பெரிய மஞ்சள் வெள்ளமாக ஒரு படம் வரைந்தார். சத்தத்தை வண்ணமாக்கினவர் என்று அவரைச் சொல்வார்கள். நல்ல படம். ஆனால் அவருக்குக் கேட்டது, கேட்டதை வரைந்தார். கேட்காததை எப்படி வரைவது என்பதில் அவரால் எனக்குப் பெரிய உதவி இல்லை.

இனி போட்டி. கல்லூரிகளுக்கிடையே நடந்தது, எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். மாட்டுத்தாவணிப் படத்தைக் கொண்டுபோய் வைத்தேன். நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். இன்னொருவர், "முடிக்கலையாம்மா?" என்றார். முடிச்சாச்சு சார் என்றேன். நகரப் போனார்கள். எனக்கு என்னமோ பொறுக்கவில்லை. "சார், எனக்குக் காது சரியாக் கேக்காது. கேக்குறது மட்டும் கலர், கேக்காதது தேய்ச்சது" என்று சொல்லிவிட்டேன்.

அந்த நொடியில் மூன்று முகங்களும் மாறின. திரும்பி வந்தார்கள். ஒருவர் என் தோளைத் தட்டினார். இன்னொருவர் திடீரென்று உரக்க, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, குழந்தையிடம் பேசுவது போல, "ரொம்ப... நல்லா... இருக்கும்மா" என்றார். இரண்டாம் பரிசு.

சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது பயங்கர எரிச்சல். சொல்வதற்கு முன் அது முடிக்காத படம், சொன்னபிறகு பரிசுப் படம். பலகையில் ஒரு கீறல்கூட மாறவில்லை. பரிசு படத்துக்கா, காதுக்கா? சொல்லாமலே இருந்திருக்க வேண்டுமோ? அப்படியானால் பட்டி பார்த்த பலகையாகவே திரும்பியிருக்கும். குஜ்ராலைப் பற்றி எழுதுகிற எல்லாரும் முதல் பத்தியிலேயே காதைச் சொல்லிவிடுகிறார்கள். நானும் மேலே அதையேதான் செய்திருக்கிறேன், கவனித்தீர்களா? 'காது கேளாத ஓவியர்' என்று தேடித்தானே அவரையே கண்டுபிடித்தேன். கோயாவின் நாயை மட்டும் அப்படி இல்லாமல் பார்த்தேன். முதலில் நாயைப் பார்த்தேன், பிறகுதான் அவர் காது விஷயம் தெரிந்தது. தெரிந்தபிறகு நாய் இன்னும் நன்றாக இருந்தது. ஆக, சொல்வது தப்பில்லை, முதலில் சொல்வதுதான் தப்பு என்று கொஞ்ச நாள் நினைத்தேன். இப்போது அதுவும் உறுதியாக இல்லை.

வீட்டில் படத்தைத் தாத்தா அறையில் சாய்த்து வைத்திருந்தேன். தாத்தா முப்பது வருடம் மில்லில், தறி ஓடும் பகுதியில் வேலை பார்த்தவர். அவருக்கும் காது போய்விட்டது, அது தறிச் சத்தத்தால் போனது. அந்தச் சத்தத்தில் யாரும் யாருடனும் பேச முடியாது, ஆகவே உதட்டாலும் கையாலும் பேசிக்கொள்வார்களாம். எனக்கு உதடு பார்க்கும் பழக்கம் வந்ததே அவரிடமிருந்துதான் என்று அம்மா சொல்வார். அவரிடம் நான் எதுவும் விளக்கவில்லை. இரண்டு நாள் அந்தப் பலகைக்கு எதிரேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, சத்தமே வராமல், உதட்டை மட்டும் அசைத்து, "பஸ் ஸ்டாண்டா?" என்றார்.

பஸ் ஸ்டாண்டு என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பின்னால் பலகையின் முதுகில் எழுதி வைத்திருக்கிறேனோ என்று திருப்பிக்கூடப் பார்த்தேன். இல்லை. எப்படித் தாத்தா என்று கேட்டதற்கு, தேய்ந்த ஒரு இடத்தில் நகத்தை வைத்து, "இங்கிட்டு யாரோ கத்துறான், எனக்கும் கேக்கல" என்றார். இந்தமுறை குரலோடு.

பிளைவுட் தீர்ந்துவிட்டது. இப்போது ஒரு புதிய விஷயம் செய்துகொண்டிருக்கிறேன். மிஷினுக்குப் போடுகிற பேட்டரி 13-ஆம் நம்பர், துத்தநாகக் காற்று பேட்டரி. அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அதை உரித்தால் காற்று உள்ளே போய் உயிர் வரும். ஒரு நிமிடம் வைத்திருந்து பிறகு போட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டு காதுக்கு இரண்டு. நாலு வருடமாக அந்த ஆரஞ்சு ஸ்டிக்கர்களை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைத்திருக்கிறேன். 241 இருக்கின்றன. ஒவ்வொன்றும் எனக்குக் கேட்ட பத்து நாள். அவற்றை ஒரு பலகையில் ஒட்டத் தொடங்கியிருக்கிறேன். யானைமலைக் கோட்டுக்குக் கீழே மட்டும். மேலே என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் அம்மா ஒருநாள் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று பாட்டிலைக் குப்பையில் போட்டு, நான் தெருமுனை வரை ஓடிப்போய் எடுத்துவந்தது தனிக் கதை.

திங்கட்கிழமை முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வரலாம் என்று இருக்கிறேன். மிஷினைப் பார்த்துவிட்டுச் சத்தமாக, பிரித்துப் பிரித்துப் பேச வேண்டாம். அப்படிப் பேசினால் உதட்டின் வடிவம் மாறிவிடும், இன்னும் கஷ்டம். சாதாரணமாக, முகத்தைக் காட்டிப் பேசினால் போதும். பின்னாலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் பெஞ்சைத் தட்டுங்கள். மரம் வழியாக முழங்கைக்கு வந்துவிடும். அந்த ஜோக்கையும் யாராவது திரும்பச் சொல்லுங்கள், முதல் வருடம் சொன்னீர்களே, ஹாஸ்டல் வார்டனும் பூனையும் வருமே, அது.